கவாத்துக்கு முந்தைய வெளிச்சம்

கம்பம்,
மே 26.

அன்புள்ள செல்வம்,

நலம், நலமறிய ஆவல். மதனியின் முழங்கால் வலி குறைந்ததா? பொங்கலுக்குப் பிறகு உனக்கு நான் ஒரு வரிகூட எழுதவில்லை; அதற்குரிய வசவை நேரில் வந்து வாங்கிக்கொள்கிறேன். மூன்று நாட்களாக என் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டிருந்த ஒரு விஷயம் நேற்று இரவு பதினொன்றரை மணிக்குத் தீர்ந்தது. அதை உன்னிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

தீபாவளிக்கு வந்திருந்தபோது, வெளிச்சத்தை அளந்து தானே பதிந்துவைக்கும் லக்ஸ் மீட்டர் ஒன்றை வாங்கச் சொல்லிவிட்டுப் போனாய் அல்லவா? வாங்கிவிட்டேன். 16,000 அளவுகள் வரை அதன் நினைவில் நிற்கும். 9 வோல்ட் பேட்டரியில் ஓடும். கம்ப்யூட்டரோடு இணைக்கப் பக்கவாட்டில் ஒரு மினி யுஎஸ்பி துளை இருக்கிறது. கேரளத்து வண்டன்மேட்டில் இருக்கும் ஏலத் தோட்டத்தில் நாளை நிழல்மரக் கவாத்து, அதாவது கிளை கழிக்கும் வேலை, தொடங்குகிறது. ஏலச் செடிக்கு 40 முதல் 60 விழுக்காடு வெளிச்சம் வடிந்து விழுந்தால் போதும். கூடினால் இலை வெளுத்துக் கருகும், குறைந்தால் செடி நெடுநெடுவென்று வளருமே தவிரச் சரத்தில் காய் பிடிக்காது. எந்தக் கிளையை எடுப்பது, எதை விடுவது என்பதை இத்தனை ஆண்டுகளாக அப்பாதான் சொல்லிவந்தார். உச்சிவேளையில் செடிகளுக்கு நடுவே மேல்துண்டைத் தரையில் விரித்து, அதில் விழும் வெயில் பொட்டுகளைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நிற்பார். பிறகு, "வடக்கே போற அந்தப் பலாக் கொம்பை மட்டும் எடு" என்பார். இப்போது அவருக்குக் கண் நீர் அழுத்த நோய் முற்றிவிட்டது. துண்டு தெரிகிறது, பொட்டு தெரியவில்லை என்று போன ஆண்டு அவர் சொன்னபோது எனக்கு நெஞ்சை அடைத்தது. அவரைக் கேட்காமல் நானே முடிவு செய்து வெட்டச் சொன்ன தென்சரிவில் செடிகள் எப்படி வெளுத்துப்போயின என்பதை நீயே பார்த்தாய்.

ஆகவே இந்த ஆண்டு, வெட்டுவதற்கு முன்பும் வெட்டிய பின்பும் அளந்துவிடுவது என்று முடிவு செய்தேன். ஸ்டோருக்கு முன்னால் இருக்கும் வெட்டவெளி, பெரிய பலா மரத்தடி, கல்யாண முருங்கை வரிசை ஆகிய மூன்று இடங்களிலும் மும்மூன்று நாட்கள், காலை 6 மணி முதல் மாலை 6 மணி வரை, ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை பதியும்படி வைத்தேன். நாளொன்றுக்கு 145 அளவுகள், ஒன்பது நாட்களுக்கு 1,305. சென்சார் சாய்ந்துவிடாமல் செடி உயரத்தில் ஒரு கம்பில் கட்டி, ரசமட்டம் வைத்துப் பார்த்து நிறுத்தினேன். மாலையில் அணைத்துவிட்டுக் காலையில் மறுபடி தொடங்கியதால் பேட்டரியும் தாக்குப்பிடித்தது.

22ஆம் தேதி மாலை மீட்டரை லேப்டாப்பில் செருகினால், எதைச் செருகினாலும் வழக்கமாகக் கேட்கும் ஒலி கேட்கவில்லை. மீட்டரோடு வந்த மென்பொருள் 'இணைப்பு இல்லை' என்றது. என் கலக்கம் எதனால் என்று யோசித்துப் பார். ஜூன் முதல் தேதிவாக்கில் கேரளத்தில் மழை இறங்கிவிடும். ஈர மரத்தில் எவரையும் ஏற்ற நான் சம்மதிக்க மாட்டேன். கவாத்தைத் தள்ளிப்போட வழியில்லை. வெட்டிய கிளையை மீண்டும் ஒட்டவைத்து அளக்கவும் முடியாது. அந்த 1,305 எண்கள் மீட்டருக்குள்ளேயே கிடந்து போனால், அடுத்த கவாத்து வரும்வரை எனக்கு ஒப்பிடுவதற்கு ஒன்றுமே இருக்காது.

முதல் நாள் முழுவதும் தவறான இடத்திலேயே தேடினேன். மென்பொருளை நீக்கி மறுபடி நிறுவினேன்; தங்கை மகனின் லேப்டாப்பிலும் போட்டுப் பார்த்தேன். அங்கும் ஒலி இல்லை. இரண்டு லேப்டாப்பிலும் ஒரே மௌனம் என்றால் மீட்டரைத் தவிர இரண்டுக்கும் பொதுவானது கேபிள் மட்டுமே என்பது 23ஆம் தேதி இரவுதான் உறைத்தது. மீட்டரோடு வந்த கேபிளை ஸ்டோரில் எலி கடித்துவிட்டதால், பழைய புளூடூத் ஸ்பீக்கரின் கேபிளைப் போட்டிருந்தேன். அதன் நடுவே பிளேடால் நீளவாக்கில் கீறிப் பிரித்தேன். கறுப்பு உறைக்குள் சிவப்புக் கம்பி ஒன்று, கறுப்புக் கம்பி ஒன்று, அவ்வளவுதான். தகவல் போய்வர வேண்டிய பச்சையும் வெள்ளையும் இல்லவே இல்லை. சார்ஜ் ஏற்றுவதற்கென்று மட்டும் செய்த கேபிள் அது! மீட்டர் தன் சொந்தப் பேட்டரியில் ஒளிர்ந்துகொண்டிருந்ததால் திரையைப் பார்த்தும் எனக்குச் சந்தேகம் வரவில்லை. மறுநாள் கம்பத்தில் போட்டோ ஸ்டுடியோ வைத்திருக்கும் அண்ணனிடம் பழைய கேமரா கேபிளை இரவல் வாங்கிவந்து செருகியதும் ஒலி கேட்டது.

அதோடு தீரவில்லை. லேப்டாப்போடு இணைந்த கருவிகளைப் பட்டியலிடும் டிவைஸ் மேனேஜரில் மஞ்சள் ஆச்சரியக்குறியோடு பெயர் தெரியாத ஒரு கருவி வந்து நின்றது. உன் பழைய பாடம் அங்கேதான் கைகொடுத்தது. இப்படிப்பட்ட மீட்டர்கள் உள்ளுக்குள் பழைய சீரியல் போர்ட் முறையிலேயே பேசுகின்றன. அதை யுஎஸ்பியாக மாற்றித் தர நடுவில் ஒரு சிப் இருக்கிறது. லேப்டாப் கேட்கும் டிரைவர் என்ற இயக்கு மென்பொருள் அந்தச் சிப்புக்குரியது. எந்தச் சிப் என்பதை மீட்டரைத் திறக்காமலே அறியலாம். அந்தக் கருவியின் விவரப் பக்கத்தில் ஹார்டுவேர் ஐடியைப் பார்த்தால் தயாரிப்பாளர் எண் இருக்கும். 0403 என்றால் எஃப்டிடிஐ, 067பி என்றால் ப்ரோலிஃபிக், 10சி4 என்றால் சிலிக்கான் லேப்ஸ். என்னுடையதில் 10சி4 இருந்தது. அந்த நிறுவனத்தின் தளத்திலிருந்தே டிரைவரை இறக்கிப் போட்டதும் ஆச்சரியக்குறி மறைந்து, காம் 14 என்று போர்ட் பெயர் வந்தது.

மென்பொருளின் பட்டியலிலோ காம் 1 முதல் 8 வரைதான் இருந்தது. பழைய மென்பொருள்களில் இந்தத் தொல்லை உண்டு. முன்பு எப்போதோ செருகிய கருவிகள் எல்லாம் தமக்கென்று ஓர் எண்ணைப் பிடித்துவைத்துக்கொள்வதால், புதிதாக வரும் கருவிக்கு 14, 15 என்று எண் ஏறிவிடுகிறது. போர்ட் அமைப்பில் மேம்பட்ட பிரிவுக்குள் போய் அதை 3 ஆக மாற்றினேன். தகவல் போகும் வேகத்தைக் கையேட்டில் சொன்னபடி 9600 என்று வைத்தேன். அப்போதும் 'இணைப்பு இல்லை'.

25ஆம் தேதி காலை, மீட்டரை விற்ற கடைக்குப் போன் செய்தேன். நான் சொல்லி முடிப்பதற்குள், "மெமரியை முழுசா அழிச்சு ரீசெட் பண்ணிட்டு இணைச்சுப் பாருங்க சார்" என்று பதில் வந்தது. உள்ளே என்ன இருக்கிறது, அது வேண்டுமா வேண்டாமா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை, செல்வம். பதிந்துவைப்பதற்கென்றே செய்யப்பட்ட கருவியை விற்கிறவர், பதிந்ததை அழிப்பதை முதல் மருந்தாகச் சொல்லலாமா? விவரம் தெரியாத ஒருவர் அந்த யோசனையைக் கேட்டு அப்படியே செய்திருப்பாரே என்று நினைத்தபோது எனக்கு நிஜமாகவே கோபம் வந்தது. போனை வைத்துவிட்டுக் கையேட்டை முதல் பக்கத்திலிருந்து படித்தேன். பதிவு ஓடிக்கொண்டிருக்கும்வரை மீட்டர் கம்ப்யூட்டரின் குரலுக்குக் காது கொடுக்காது. பதிவை நிறுத்தி, இணைப்புக்கான பொத்தானை அழுத்திப் பிடித்து, திரையில் அதற்குரிய குறி வந்த பிறகே இறக்க வேண்டும் என்று பதினேழாம் பக்கத்தில் இருந்தது. ஒன்பதாம் நாள் மாலை நான் பதிவை நிறுத்தாமலே மீட்டரை எடுத்துவந்திருக்கிறேன்.

நிறுத்தினேன், அழுத்தினேன், குறி வந்தது, எண்கள் வரத் தொடங்கின. 412ஆவது எண்ணில் கரண்ட் போனது. நம் பக்கத்துக் கோடைமழைக் காற்றைப் பற்றி உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. லேப்டாப் பேட்டரிக்கு மாறியதும் மின்சாரத்தை மிச்சப்படுத்துவதற்காக யுஎஸ்பி துளையைத் தூங்கவைத்துவிட்டது. டிவைஸ் மேனேஜரில் யுஎஸ்பி ரூட் ஹப்பின் பவர் மேனேஜ்மென்ட் பகுதியில், கருவியை அணைக்க லேப்டாப்புக்கு அனுமதி தரும் டிக் குறியை எடுத்துவிட்டேன். மீட்டருக்குப் புதுப் பேட்டரி போட்டு மறுபடி ஆரம்பித்தேன். இரவு 11.30க்கு, பதிவை நிறுத்தாததால் பிறகு சேர்ந்தவை போக, அந்த 1,305 எண்களும் லேப்டாப்பில் இருந்தன. பென்டிரைவில் இரண்டு பிரதி எடுத்த பிறகுதான் சாப்பிட உட்கார்ந்தேன்.

எண்கள் என்ன சொல்கின்றன என்று கேட்பாய். வெட்டவெளியில் வானம் தெளிந்த நாளின் உச்சிவேளையில் ஒரு லட்சம் லக்ஸைத் தொட்டுப் போகிறது. கல்யாண முருங்கை வரிசையில் அதில் ஏறக்குறைய பாதி. அங்கே ஒரு கிளையையும் தொடப்போவதில்லை. பலாவின் அடியில் 18,000 முதல் 22,000 வரைதான். பக்கத்துத் தோட்டத்துச் சேட்டன் "தணல் (நிழல்) கூடுதல்" என்று இரண்டு ஆண்டுகளாகச் சொல்லிவந்தது சரிதான். உண்மையில் இதைவிடவும் குறைவாகத்தான் செடிக்குக் கிடைக்கும் என்று நினைக்கிறேன். லக்ஸ் என்பது மனிதக் கண்ணுக்காக வகுத்த அளவு. பச்சை நிறத்தை ஒட்டிய 555 நானோமீட்டரில்தான் அதன் உச்சம். பலா இலைகள் சிவப்பையும் நீலத்தையும் உறிஞ்சிக்கொண்டு பச்சையைக் கீழே விடும்போது, செடிக்கு அதிகம் பயன்படாத அந்த வெளிச்சத்தை மீட்டர் தாராளமாகக் கணக்கில் சேர்த்துக்கொள்கிறது.

பலாவின் இரண்டாம் நாள் பதிவில், 12.40க்கு மட்டும் 61,000 என்று ஓர் எண் தனித்து நின்றது. இறக்கும்போது நேர்ந்த பிழை என்று முதலில் நினைத்தேன். மீட்டரின் சொந்தத் திரையில் அந்தப் பதிவைத் தேடி எடுத்துப் பார்த்தேன். அங்கேயும் அதே எண். கிளை இடைவெளியில் இறங்கிய வெயில் பொட்டு ஒன்று அந்த நொடியில் சென்சார் மேல் விழுந்திருக்கிறது. இன்று காலை அப்பாவிடம் சொன்னேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டவர், "அது எவ்வளவு நேரம் நின்னுச்சு?" என்றார். என்னிடம் பதில் இல்லை. 12.35க்கு 19,000, 12.45க்கு 20,000, நடுவில் அந்தப் பொட்டு ஒரு நொடி நின்றதா, எட்டு நிமிடம் நின்றதா என்பது ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை பார்க்கும் கருவிக்குத் தெரியாது. அவர் துண்டை விரித்துக்கொண்டு அத்தனை நேரம் நின்றது இதைப் பார்க்கத்தான் என்பது இத்தனை வயதில் இப்போதுதான் எனக்கு விளங்குகிறது.

ஆகவே நாளைய வேலையை மாற்றிவிட்டேன். ஆட்கள் மேற்குச் சரிவிலிருந்து தொடங்கட்டும். பலாவைக் கடைசி நாளுக்கு விட்டுவைக்கச் சொல்லியிருக்கிறேன். அதற்குள் அதனடியில் பத்து நொடிக்கு ஒரு முறை பதிய வைக்கிறேன். ஒரு முழு நாளைக்கு 4,321 அளவுகள், மூன்று நாட்களுக்கு மிஞ்சிப்போனால் 12,963. மீட்டரின் நினைவுக்குள் அடங்கிவிடும்.

ஸ்டுடியோ அண்ணன் கேபிளைத் திருப்பிக் கேட்டுவிட்டார். நல்ல மினி யுஎஸ்பி கேபிள் இரண்டு வாங்கி, உன் லேப்டாப்பில் தகவல் போகிறதா என்று சோதித்துவிட்டு உடனே அனுப்பு. விடுதியில் ஃபியூஸ் கம்பி கேட்ட அந்த இரவில் செய்ததைப் போல, கையில் அகப்பட்டதைக் கொடுத்துவிட்டு ஓடிவிடாதே. முடிந்தால் நீயே எடுத்துக்கொண்டு வா. 29ஆம் தேதி மாலை பலாவின் பதிவை இறக்கும்போது நீ பக்கத்தில் இருந்தால் எனக்குத் தெம்பாக இருக்கும். அப்பாவும் உன்னை இரண்டு முறை விசாரித்துவிட்டார்.

காலை ஆறு மணி ஜீப்பைப் பிடிக்க வேண்டும்.

அன்புடன்,
பாண்டி