ராசாவுக்கு, ஒஸ்லோவிலிருந்து அம்மா

ராசா,

அப்பா சுகம். சின்னமாமி வீட்டு விசேஷம் நல்லபடி முடிந்தது. எல்லாரும் உன்னைத்தான் கேட்டார்கள். சரி, அது இருக்கட்டும்.

ட்ரொன்ஹைமில் பனிச்சறுக்குப் போட்டி நடக்கிற கிரானோசன் மைதானத்திலிருந்து நீ அனுப்பிய படம் பார்த்தேன். சனத்துக்குள் கொடியோடு நிற்கிறாய், பெருமையாகத்தான் இருந்தது. ஆனால் அந்த ஜாக்கெட் போன வருடம் நாங்கள் வாங்கித் தந்ததுதானே? அப்போது உனக்கு அளவாக இருந்ததே.

இங்கே யார்ல் மக்னுஸ் ரீபரைப் பற்றித்தான் ஒரே கதை. உன் வயதுதான். பனிச்சறுக்கில் தாவலும் ஓட்டமும் சேர்ந்த நோர்டிக் கம்பைன்டில் உலகக் கோப்பைப் பட்டம் ஐந்து முறை எடுத்தவன். ஃபின்லாந்தின் ஹன்னு மன்னினென் உலகக் கோப்பைப் போட்டிகளில் எடுத்த 48 வெற்றிகளையும் எப்போதோ தாண்டிவிட்டான். அந்த மன்னினென் பிறகு விமானி ஆனாராம், அப்பா சொன்னார்.

2022இல் பெய்ஜிங் ஒலிம்பிக்கில் அவனுக்கு நடந்தது நினைவிருக்கிறதா? கொரோனாவால் அறைக்குள் அடைபட்டுக் கிடந்துவிட்டு வந்து தாவலில் முதலிடம். புள்ளிகளை வினாடியாக்கி, 44 வினாடி முன்னால் புறப்பட விட்டார்கள். 10 கிலோமீட்டர் ஓட்டத்தில் பாதை மாறிப் போய், கடைசியில் எட்டாமிடம். நீ போனில் அரைமணி நேரம் திட்டித் தீர்த்தாய். அப்போதெல்லாம் அரைமணி நேரம் கதைப்பாய்.

அதற்கெல்லாம் அசையாதவனைக் குடல் நிறுத்திவிட்டது. குரோன் நோயாம். குடல் புண்ணாகி, சாப்பிட்டது உடம்பில் ஒட்டாமல், ஆள் களைத்துப் போவானாம். முற்றாக மாறாது, மருந்தால் அடக்கி வைக்கலாம். அவன் அதை ஊரறியச் சொன்னான், இந்தப் பருவத்தோடு போதும் என்றும் சொன்னான். அப்புறம் நீ நின்ற அதே கிரானோசனில் தங்கமும் வென்றான். சொன்னதால் அவனுக்கு என்ன குறைந்துவிட்டது?

நத்தாருக்கு வந்தபோது சொதியைக்கூடத் தள்ளி வைத்தாய். உறைப்பு என்றாய். நான் சொதிக்கு எப்போது உறைப்புப் போட்டேன்?

டொக்டரிடம் போ. இரத்தம், மலம் இரண்டையும் சோதிக்கச் சொல்லிக் கேள். வேலை கெடும் என்றால் காலையில் முதல் ஆளாக நேரம் எடு. கடைச் சாப்பாட்டைக் குறை. டொக்டரிடம் போ. என்னிடம் சொல்ல வெட்கமென்றால் அப்பாவிடம் சொல், அவர் எனக்குச் சொல்லமாட்டார் என்று நம்பிக்கொள்.

வருகிற வெள்ளிக்கு முன் எந்த நாள் போகிறாய் என்று எழுது. இல்லாவிட்டால் ரயிலேறி நானே வருவேன்.

அம்மா