வகுப்பு சிரித்ததை எனக்குச் சொன்னவர்களுக்கு

போன வாரம் முதுகலை முடிந்தது. பட்டமளிப்பு மேடையில் என் பெயரைக் கூப்பிட்டது காதில் விழவில்லை, திரையில் எழுத்தாக ஓடியதைப் பார்த்துத்தான் நடந்தேன். பெட்டி கட்டுவதற்குள் இந்த நன்றிக் கடிதத்தை எழுதிவிட வேண்டும்.

எனக்கு இரண்டு காதும் சரியாகக் கேட்காது. மதுரையில் படித்தவரை முதல் பெஞ்ச், வாத்தியாரின் வாயசைவு, பக்கத்தில் இருப்பவனின் நோட்டு, இவ்வளவுதான் என் ஏற்பாடு. முதுகலைக்கு அமெரிக்காவின் ஒஹாயோவுக்கு விண்ணப்பித்தபோது ஒரு கன்சல்டன்சிக்காரர், "காது விஷயத்தை எங்கேயும் சொல்லிடாதீங்க தம்பி, சீட் போயிடும்" என்றார். அதை நம்பி முதல் ஆறு வாரம் யாரிடமும் மூச்சு விடாமல், தாடிக்குள் பேராசிரியரின் உதட்டைத் தேடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அந்த மிட்டெர்ம் மார்க்கைப் பற்றி இங்கே வேண்டாம்.

முதல் நன்றி சிவகாசி அக்காவுக்கு. "இங்க அவங்களா வந்து கேட்க மாட்டாங்க, நீ போய்ச் சொன்னாத்தான் உண்டு" என்று திட்டி, மாற்றுத்திறனாளி மாணவர் அலுவலகத்தில் கொண்டுபோய் உட்கார வைத்தீர்கள். மாற்றுத்திறனாளிகளைப் பாகுபடுத்தக் கூடாது என்னும் 1973-ஆம் ஆண்டு அமெரிக்க மறுவாழ்வுச் சட்டத்தின் 504-ஆம் பிரிவும் சரி, 1990-இல் வந்த ஏடிஏ என்ற மாற்றுத்திறனாளிகள் சட்டமும் சரி, குடியுரிமை பார்ப்பதில்லை, எஃப்-1 என்ற மாணவர் விசாவில் வந்தவனுக்கும் அதே உரிமைதான் என்பது நீங்கள் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

அடுத்து அந்த அலுவலக ஒருங்கிணைப்பாளர். நான் முதலில் ஊனமுற்றோர் அடையாள அட்டையைத்தான் நீட்டினேன், ஏனென்றால் நம் ஊரில் 40 சதவீதம் தாண்டியதா என்றுதான் முதலில் பார்ப்பார்கள். நீங்கள் அதை ஒதுக்கிவிட்டு காது எவ்வளவு கேட்கிறது என்று காட்டும் ஆடியோகிராமை மட்டும் எடுத்துக்கொண்டீர்கள் (அந்த வரைபடம் எந்த நாட்டிலும் ஒன்றுதான், மொழிபெயர்ப்புச் செலவு மிச்சம்). பிறகு, வகுப்பில் எது எது தவறிப்போகிறது என்று கேட்டீர்கள். திருதிருவென்று விழித்தேன். பின்வரிசையில் யாராவது கேள்வி கேட்டால், பேராசிரியர் போர்டைப் பார்த்தபடி பேசினால், வீடியோ போட்டால் என்று ஒவ்வொன்றாக என் வாயிலிருந்து வரவழைக்க ஒரு மணி நேரம் ஆனது. பேராசிரியர்களுக்குப் போன கடிதத்தில் என்னென்ன ஏற்பாடு என்று மட்டும்தான் இருந்தது, என் காதைப் பற்றி ஒரு வரி இல்லை.

அப்புறம், வகுப்பில் பேசுவதையெல்லாம் உடனுக்குடன் என் திரையில் தட்டிக் கொடுத்தவர். உங்கள் முகத்தைப் பார்த்ததே இல்லை. எங்கேயோ இருந்து மைக் வழியாகக் கேட்டு, ஸ்டெனோ இயந்திரத்தில் நிமிடத்துக்கு 200 சொல்லுக்கு மேல் தட்டுவீர்கள். செமஸ்டர் தொடங்கும் முன்பே பாடத்தின் கலைச்சொற்களைக் கேட்டு வாங்கிக்கொண்டதால், நானே எழுத்துப்பிழை விடும் 'ஹெட்டெரோஸ்கெடாஸ்டிசிட்டி' என்ற புள்ளியியல் சொல்கூட உங்கள் கையில் பிசகவே இல்லை. ஆனால் நான் நன்றி சொல்ல வந்தது அதற்கில்லை. வகுப்பு சிரித்தால் அதையும் அடைப்புக்குறிக்குள் போட்டீர்கள், சிரிக்க வைத்த கிண்டலோடு சேர்த்து. அதுவரை நான் மற்றவர்கள் முகத்தைப் பார்த்துச் சிரித்து வந்தவன். திரையில் எழுத்து வர இரண்டு மூன்று நொடி ஆகும் என்பதால் அப்போதும் நான் கடைசியாகத்தான் சிரித்தேன், என்ன, எதற்குச் சிரிக்கிறேன் என்று தெரிந்து சிரித்தேன்.

மூன்றாம் செமஸ்டரில் தலைசுற்றல் படுத்தியபோது ஒரு பாடத்தை நானே இணையத்தில் நீக்கப் போனேன். வெளிநாட்டு மாணவர் அலுவலக அதிகாரி தடுத்தார். அவர் அனுமதி தரும் முன் நீக்கியிருந்தால் விசா நிலைக்கே சிக்கல். மருத்துவர் கடிதம் கொடுத்தால் பாடச்சுமையைக் குறைக்கலாம், ஒரு படிப்புக்கு மொத்தம் 12 மாதம் வரை. இதைப் புதிதாக வரும் தம்பி தங்கைகள் குறித்துக்கொள்ளுங்கள்.

விடுதிக்காரர்கள் பொருத்திய மின்னும் தீ அலாரத்துக்கும் கட்டிலை உலுக்கும் கருவிக்கும் நன்றி. அதிகாலை மூன்று மணிக்கு எவனோ பாப்கார்னைக் கருக்க, கட்டில் ஆடியதில் பூகம்பம் என்றே நினைத்துவிட்டேன்.

அம்மா, என் காது கருவிக்கு நீ அனுப்பிய பேட்டரிகள். குளிர்காலத்தில் ஹீட்டர் காற்று காய்ந்துபோய், ஊரில் வருகிற நாள் கணக்குக்கு இங்கே அவை வருவதில்லை. அதனால்தான் அத்தனை முறை கேட்டேன், தொலைக்கவில்லை.

அந்தப் பேட்டரியில், நீல நிற 675 அளவில், நாலு அட்டை மீதி இருக்கிறது. மாற்றுத்திறனாளி மாணவர் அலுவலக வரவேற்பு மேசையில் வைத்திருக்கிறேன், வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்டிக்கரை உரித்து ஐந்து நிமிடம் காற்றாட விட்டுப் போடுங்கள், கூடுதலாக உழைக்கும்.