பெட்ரோனாஸ் இரட்டைக் கோபுரம் குறித்தும் புதிய கட்டணம் குறித்தும் எங்கள் வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

கோலாலம்பூர், நவம்பர் 2025

மதிப்பிற்குரிய வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

பத்துமலையில் முருகன் சிலை திறக்கப்பட்ட அதே 2006ஆம் ஆண்டில், பிரிக்பீல்ட்ஸில் ஒரு வாடகை அறையும் ஒரு பழைய வேனுமாக எங்கள் சுற்றுலா நிறுவனம் தொடங்கியது. இன்றுவரை ஒரு விளம்பரம்கூடக் கொடுக்காமல் இதை நடத்தி வர முடிகிறது என்றால் அதற்குக் காரணம் நீங்கள்தான். சென்னையிலிருந்தும் மதுரையிலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் வந்து சென்றவர்கள், ஊர் திரும்பியதும் சம்பந்தி வீட்டாருக்கும் அலுவலக நண்பர்களுக்கும் எங்கள் எண்ணைக் கொடுத்தீர்கள். அவர்களும் நம்பி வந்தார்கள். சிலர் மூன்றாம் முறையாக, பேரப்பிள்ளைகளோடு வந்திருக்கிறீர்கள். அந்த உரிமையில்தான் இம்மடலைச் சற்று மனம் திறந்து எழுதுகிறேன்.

சென்ற மாதம் முதல் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு காணொளி சுற்றிக்கொண்டிருப்பது உங்களில் பலருக்கும் தெரிந்திருக்கும். எனக்கே அதைப் பதினேழு பேர் அனுப்பிவிட்டார்கள். "இரட்டைக் கோபுரத்தைக் காட்டுகிறோம் என்று அழைத்துப் போய், அடியில் நிறுத்திப் படம் எடுக்கச் சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டார்கள், இவர்கள் ஏமாற்றுக்காரர்கள்" என்று அதில் சொல்லப்படுகிறது. வேனில் குளிரூட்டி சரியில்லை என்றோ, மதியச் சாப்பாடு சுமார் என்றோ சொல்லியிருந்தால் நான் மறுமொழி எழுதியிருக்கவே மாட்டேன். ஏமாற்றுக்காரர் என்ற சொல்லைப் பத்தொன்பது ஆண்டுகளில் இப்போதுதான் முதன்முறையாகக் கேட்கிறேன்.

எங்கள் ஒரு நாள் நகர உலாவின் நிரலில், தொடக்கம் முதலே, "இரட்டைக் கோபுரம், வெளிப்புறக் காட்சி, 30 நிமிடம்" என்றுதான் அச்சிட்டிருக்கிறோம். இதில் ஒளிவுமறைவு எதுவும் இல்லை. 452 மீட்டர் உயரமுள்ள அந்தக் கோபுரங்களை முழுமையாகக் காண வேண்டுமானால் வெளியே, பூங்காப் பக்கம் நின்று அண்ணாந்துதான் பார்க்க வேண்டும். உள்ளே போனவர்களுக்குக் கோபுரம் தெரியாது, ஊர்தான் தெரியும். மேலே செல்வது தனி ஏற்பாடு. நேரம் குறித்த சீட்டு வாங்கி, அந்த நேரத்திற்கு முன்பே போய்ச் சேர்ந்து, பாதுகாப்புச் சோதனையைக் கடந்து, குழுக் குழுவாக மின்தூக்கியில் ஏற வேண்டும். முதலில் 41ஆம் மாடியில், தரையிலிருந்து 170 மீட்டர் உயரத்தில் இரு கோபுரங்களையும் இணைக்கும் பாலத்தில் சில நிமிடம் நிற்க விடுவார்கள். பிறகு 86ஆம் மாடியில் உள்ள பார்வைத் தளத்திற்கு அழைத்துச் செல்வார்கள். காத்திருப்பையும் சேர்த்தால் ஒன்றரை மணி நேரமாவது போய்விடும் என்பதால், பத்துமலையும் புத்ராஜெயாவும் உள்ள ஒரே நாளில் இதையும் அடக்க இயலாது. வெளிநாட்டவருக்கான கட்டணமும் மலேசியர்களுக்கு உள்ளதைவிடக் கூடுதல். நால்வர் கொண்ட குடும்பத்திற்கு அது சிறிய தொகையன்று. வேண்டாம் என்பவர்கள் தலையிலும் அந்தச் செலவைக் கட்டக்கூடாது என்பதற்காகவே எங்கள் கட்டணத்தில் அதைச் சேர்க்காமல் இருந்தோம். பள்ளி விடுமுறைக் காலத்தில் மாலை நேரத்துச் சீட்டுகள் பல நாள்களுக்கு முன்பே தீர்ந்துவிடுகின்றன. ஆகவே நிரலில் "காட்டுகிறோம்" என்று சொன்னதைக் காட்டினோம் என்பதில் எனக்கு ஐயமில்லை.

ஆனால் காணொளியில் பேசும் குடும்பத்தினர் மேலே செல்ல வேண்டும் என்று முன்கூட்டியே தனியாகக் கேட்டிருந்ததும், சீட்டு எடுத்துத் தருவதாக எங்கள் அலுவலகத்தில் ஒப்புக்கொண்டதும், பார்வைத் தளம் வழக்கமாக மூடியிருக்கும் திங்கட்கிழமையில் அந்த நாள் அமைந்துவிட்டதும் உண்மையே. அதற்காக ஒரு வெள்ளிகூட (ரிங்கிட்) நாங்கள் வாங்கவில்லை. உடன் வந்த மூதாட்டி அந்தப் பாலத்தில் நிற்க ஆசைப்பட்டார் என்று காணொளியைப் பார்த்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. அவரிடம் தொலைபேசியில் பேசி வருத்தம் தெரிவித்துக்கொண்டேன். அவர் கோபப்படவில்லை. "பரவாயில்லை தம்பி, முருகனைப் பார்த்துவிட்டேன்" என்றார். இனி மேலே செல்ல விரும்புவோர், பயணத்திற்குப் பத்து நாள் முன்னதாகச் சீட்டுத் தொகையைச் செலுத்திவிட்டால், சீட்டை எடுத்து உங்கள் கைப்பேசிக்கே அனுப்பிவிடுவோம். திங்கட்கிழமைகளில் அந்த வேண்டுகோளை ஏற்பதில்லை என்று அலுவலகச் சுவரிலும் எழுதி ஒட்டியாகிவிட்டது.

அடுத்து, எங்கள் வழிகாட்டியைக் குறித்து. பதினோர் ஆண்டுகளாக உங்களை அழைத்துச் சென்றவர் செப்டம்பர் மாதத்தோடு விடைபெற்று, இதைவிடப் பெரிய நிறுவனம் ஒன்றில் சேர்ந்துவிட்டார். நல்ல சம்பளம் கிடைத்துப் போனவரைக் குறை சொல்வதற்கில்லை. மெர்டேக்கா (விடுதலை) சதுக்கத்தில் நின்று, 1957 ஆகஸ்ட் 30 நள்ளிரவில் பிரிட்டிஷ் கொடி இறங்கி மலாயாக் கொடி ஏறிய கதையை அவர் சொல்லும்போது, எதிரே இருக்கும் சுல்தான் அப்துல் சமாட் கட்டட மணிக்கூண்டும் சேர்ந்து கேட்பது போல இருக்கும் என்று ஒருவர் எங்கள் வருகைப் பதிவேட்டில் எழுதியிருக்கிறார். 1873இல் மகாமாரியம்மன் கோயிலை எழுப்பிய தம்புசாமிப் பிள்ளையே பத்துமலைக் குகையிலும் வழிபாட்டைத் தொடங்கிவைத்தார் என்பதை, அந்த 272 படிகளில் ஏறுவோருக்கு மூச்சு வாங்கும் இடம் பார்த்துச் சொல்ல அவருக்குத் தெரியும். படிகளுக்கு 2018இல் வண்ணம் தீட்டிய பிறகு எல்லோரும் படமெடுப்பதில் இறங்கிவிடுகிறார்கள், கதை கேட்க ஆளில்லை என்று அவர் குறைப்பட்டுக்கொண்டதும் உண்டு.

அவருக்கு மாற்றாக "யாராவது ஒரு தமிழ்ப் பையனை" அனுப்பக் கூடாதா என்று சிலர் கேட்கிறீர்கள். 1992ஆம் ஆண்டின் சுற்றுலாத் தொழில் சட்டப்படி, உரிமம் பெற்ற வழிகாட்டிதான் பயணிகளை அழைத்துச் சென்று விளக்கம் சொல்லலாம். பயிற்சி முடித்துத் தேர்வெழுதி உரிமம் வாங்கியவர்களில் தமிழில் சரளமாகப் பேசக்கூடியவர்களைத் தேடிப் பிடிப்பது எளிதாக இல்லை. இப்போது ஒருவர் வெள்ளி, சனி, ஞாயிறு ஆகிய மூன்று நாள்களுக்குக் கிடைத்திருக்கிறார். மற்ற நாள்களில் ஆங்கிலம் பேசும் வழிகாட்டி வருவார். எங்கள் ஓட்டுநர் தமிழர் என்பதால் பேச்சுத் துணைக்குக் குறைவிருக்காது.

செலவு பற்றியும் சொல்லியாக வேண்டும். 2024 ஜூன் 10ஆம் தேதி தீபகற்ப மலேசியாவில் டீசலுக்கான பொது உதவித்தொகை நீக்கப்பட்டபோது, லிட்டர் 2.15 வெள்ளியாக இருந்தது ஒரே இரவில் 3.35 வெள்ளியாயிற்று. பிறகு சற்று இறங்கினாலும் பழைய விலைக்குத் திரும்பவில்லை. எங்கள் இரண்டு வேன்களும் டீசலில் ஓடுபவை. குறைந்தபட்சச் சம்பளம் 1,500 வெள்ளியிலிருந்து 1,700 வெள்ளியாக உயர்த்தப்பட்டு, ஐந்து பேருக்குக் குறைவான ஊழியர்களைக் கொண்ட எங்களைப் போன்ற இடங்களுக்கும் 2025 ஆகஸ்ட் முதல் நடப்புக்கு வந்திருக்கிறது. அதை நான் குறையாகச் சொல்லவில்லை. எங்கள் பிள்ளைகளும் சம்பளத்திற்கு வேலை செய்பவர்கள்தாம். இவற்றை ஒன்றரை ஆண்டு காலம் நாங்களே தாங்கிப் பார்த்தோம். 2026 ஜனவரி 1 முதல் ஒரு நாள் நகர உலா, பெரியவர் ஒருவருக்கு 210 வெள்ளியிலிருந்து 245 வெள்ளியாகிறது. ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு முன்போலவே கட்டணமில்லை.

விடுதியில் ஓர் அறைக்கு ஓர் இரவுக்கு 10 வெள்ளி வீதம் வாங்குவது நாங்கள் போட்ட வரியன்று என்பதையும் இத்துடன் சொல்லிவிடுகிறேன். அது வெளிநாட்டுப் பயணிகளுக்கு 2017 செப்டம்பர் முதல் அரசு விதித்துவரும் சுற்றுலா வரி. விடுதிக்காரர் உங்களிடமே நேரில் கேட்பார். அதேபோல, வருவதற்கு முந்தைய மூன்று நாள்களுக்குள் இணையத்தில் நிரப்ப வேண்டிய வருகை அட்டைக்கு அரசு எந்தக் கட்டணமும் வாங்குவதில்லை. இந்தியர்களுக்கு விசா வேண்டாம் என்ற சலுகை 2026 இறுதிவரை இருக்கிறது என்றாலும், அந்த அட்டை இல்லாமல் வந்து விமான நிலையத்தில் தவித்தவர்கள் உண்டு. அதற்குப் பணம் கேட்கும் இணையதளம் எதையும் நம்ப வேண்டாம். நிரப்பத் தெரியாதவர்களுக்கு நாங்களே நிரப்பித் தருகிறோம்.

வெயிலும் கூட்டமும் கருதி, பத்துமலைக்கான புறப்பாட்டை எட்டரை மணியிலிருந்து காலை ஆறே முக்காலுக்கு மாற்றியிருக்கிறோம். அந்நேரத்தில் படிகள் குளிர்ந்திருக்கும். குரங்குகளுக்கு மட்டும் நேரம் காலம் கிடையாது. பழப்பையை வேனிலேயே வைத்துவிட்டு இறங்குங்கள். தரிசனம் முடிந்து பிரிக்பீல்ட்ஸ் திரும்பிப் பசியாறலாம்.

தைப்பூசம் இம்முறை 2026 பிப்ரவரி 1, ஞாயிற்றுக்கிழமை வருகிறது. மகாமாரியம்மன் கோயிலிலிருந்து வெள்ளி ரதம் புறப்பட்ட பின் சாலைகள் அடைபட்டுவிடுவதால், அந்த நாள்களில் வேன் பத்துமலை அருகில் போகாது, கே.எல். சென்ட்ரலிலிருந்து கோமுட்டர் என்னும் புறநகர் ரயிலில்தான் அழைத்துச் செல்வோம். 2026 மலேசியாவின் சுற்றுலா ஆண்டாகவும் இருப்பதால் விடுதி அறைகள் விரைவில் நிரம்பும். தைப்பூச வாரத்தில் வர எண்ணியிருப்போர் டிசம்பர் 20ஆம் தேதிக்குள் எங்களுக்குத் தெரிவிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். ஏற்கனவே முன்பணம் செலுத்தியிருப்போருக்குப் பழைய கட்டணமே பொருந்தும்.

காணொளி வந்த வாரத்தில், யாரும் கேட்காமலேயே எங்களுக்காக அந்தக் குழுக்களில் பேசிய பழைய வாடிக்கையாளர்கள் அனைவருக்கும் என் நன்றி. அவர்களில் சிலரை எனக்கு முகம்கூட நினைவில்லை என்பதை வெட்கத்துடன் ஒப்புக்கொள்கிறேன். அடுத்த முறை வரும்போது அலுவலகத்திற்குள் வந்து ஒரு தே தாரிக் (ஆற்றிய பால் தேநீர்) குடித்துவிட்டுச் செல்லுங்கள்.

இப்படிக்கு,
உரிமையாளர்