கணக்குப் பிரிவினருக்கு ஒரு திறந்த மடல்

பத்திரிகைகள், பதிப்பகங்கள், விளம்பர ஏஜென்சிகள், கன்டென்ட் நிறுவனங்கள் ஆகியவற்றில் பில் பாஸ் செய்யும் நண்பர்களுக்கு,

வணக்கம்.

வீட்டிலிருந்தபடி பல இடங்களுக்கு எழுதிக்கொடுத்துப் பிழைக்கும் என்னைப் போன்றவர்கள் கடிதம் எழுதினால் அது ஆசிரியருக்குத்தான் போகும். உங்களுக்கு வருவதெல்லாம் "பேமெண்ட் எப்போது வரும்?" என்ற இரண்டு வரி மெயில். இந்த முறை கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன். ஃப்ரீலான்ஸ் எழுத்தில் ஒருவர் நிலைப்பாரா, இல்லை எங்காவது மாதச் சம்பளத்துக்குப் போய்விடுவாரா என்பது ஆசிரியரின் மேசையில் முடிவாவதில்லை, உங்கள் மேசையில்தான் முடிவாகிறது என்பது என் எண்ணம்.

ஃப்ரீலான்ஸில் ஜெயிப்பது எப்படி என்று சொல்லித்தருபவர்கள் நடையைப் பற்றிப் பேசுவார்கள், தொடர்புகளைப் பற்றிப் பேசுவார்கள், காலையில் சீக்கிரம் எழச் சொல்வார்கள். எல்லாம் சரி. ஆனால் நான் பார்த்தவரை, இந்தத் தொழிலை விட்டுப் போனவர்களில் எழுத வராமல் போனவர்கள் குறைவு. வேலை இருந்தது, பாராட்டும் இருந்தது, வாடகை கொடுக்கும் தேதியில் கையில் காசு இல்லை. நிலைத்து நிற்பவர்கள் வீட்டில் பெரும்பாலும் இன்னொருவருக்குச் சம்பளம் வரும், அல்லது இருப்பது சொந்த வீடாக இருக்கும். காத்திருக்க முடிந்தவர்கள் எழுதுகிறார்கள். இன்னாரை எழுதவிடலாம், இன்னாரை வேண்டாம் என்று உங்கள் பேமெண்ட் சைக்கிள் சத்தமில்லாமல் தேர்வு நடத்திக்கொண்டிருக்கிறது.

வழக்கமாக நடப்பது இது. ஜனவரியில் கட்டுரை கொடுக்கிறோம். "பிரமாதம், அடுத்த இதழில் போட்டுவிடலாம்" என்கிறார் ஆசிரியர். அடுத்த இதழில் விளம்பரம் அதிகமாகிவிட, கட்டுரை தள்ளிப்போகிறது. ஏப்ரலில் வெளியாகிறது. பிரசுரமானால்தான் இன்வாய்ஸ் அனுப்பலாம். அனுப்பினால், மாதக் கடைசிக்குப் பிறகு 60 நாள் என்று உங்கள் பக்கத்திலிருந்து பதில் வருகிறது. ஜூலையில் விசாரித்தால் "ப்ராசஸில் இருக்கிறது" என்கிறீர்கள். கையெழுத்துப் போட வேண்டியவர் லீவில் இருப்பார். ஜனவரி உழைப்புக்கு ஆகஸ்டில் கூலி. நடுவில் ஒருவர்கூடக் கெட்ட எண்ணத்தோடு எதுவும் செய்யவில்லை என்பதுதான் இதில் எரிச்சலூட்டும் விஷயம்.

இதற்கெல்லாம் சட்டம் எதுவும் இல்லை என்று எங்களிலேயே பலர் நினைக்கிறார்கள். நியூயார்க் நகரத்தில் 2017 முதல் ஃப்ரீலான்ஸர்களுக்கென்றே தனிச் சட்டம் நடைமுறையில் இருப்பதை ஏக்கத்தோடு பகிர்ந்துகொள்கிறோம். அதற்குப் 11 ஆண்டுகள் முன்பே, 2006இல், நம் நாட்டில் குறு, சிறு, நடுத்தரத் தொழில்களுக்கான சட்டம் வந்துவிட்டது. அது லேத் பட்டறைக்கு மட்டுமல்ல, சேவை கொடுப்பவர்களுக்கும் பொருந்தும். தனி ஆளாக எழுதித்தருபவரும் மத்திய அரசின் உத்யம் பதிவுத் தளத்தில் ஆதார், பான் எண்களைக் கொடுத்துக் குறு நிறுவனமாகப் பதியலாம். கட்டணம் கிடையாது.

உங்களுக்கு இது தெரிந்திருக்கும். இருந்தாலும் எழுதுகிறவர்களும் இதைப் படிப்பார்கள் என்பதால் சொல்லிவிடுகிறேன். பதிந்தவருக்கு, ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருந்தாலும், 45 நாளுக்குள் பணம் கொடுத்தாக வேண்டும். ஒப்பந்தமே இல்லையென்றால் 15 நாள். அந்த நாளை எப்போதிலிருந்து எண்ணுவது என்பது இன்னும் சுவாரசியம். சேவையைக் கொடுத்து 15 நாளுக்குள் எழுத்துபூர்வமாக ஆட்சேபம் வராவிட்டால், கொடுத்த நாளே ஏற்றுக்கொண்ட நாள். இதழ் அச்சாகும் தேதிக்கு அந்தக் கணக்கில் இடமே இல்லை. "பிரமாதம்" என்று ஆசிரியர் ஜனவரியில் அனுப்பிய மெயிலைப் பத்திரமாக வைத்திருப்பது பெருமைக்காக மட்டுமல்ல.

கெடு தாண்டினால் ரிசர்வ் வங்கியின் வங்கி வீதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதாமாதம் கூட்டு வட்டியாக. அந்த வட்டியை வருமான வரிக் கணக்கில் செலவாகக் காட்டவும் முடியாது. போதாக்குறைக்கு, 2023 நிதிச் சட்டம் வருமான வரிச் சட்டத்தின் 43பி பிரிவில் ஒன்றைச் சேர்த்தது: குறு, சிறு நிறுவனங்களுக்குக் கெடுவுக்குள் கொடுக்காத தொகையை, உண்மையில் கொடுக்கும் ஆண்டில்தான் செலவாகக் கழிக்கலாம். நிதியாண்டு முடியும் மார்ச் மாதத்தில் உங்களில் சிலர் திடீரென்று போன் செய்து, "உங்களுக்கு உத்யம் நம்பர் இருக்கிறதா?" என்று பாசத்தோடு கேட்பது இதனால்தான்.

தகராறு என்றால் அரசின் இணையதளத்தில் புகார் கொடுத்து, இப்படித் தாமதமாகும் பணத்துக்கான தகராறுகளை விசாரிக்கும் வசதி மன்றத்துக்குப் போகலாம். சென்னை, கோவை, மதுரை, திருச்சியில் மன்றங்கள் இருக்கின்றன. ஆனால் ஒரு கட்டுரைக் காசுக்காக மன்றம் ஏறினால், அந்த இடத்தில் அடுத்த கட்டுரை கிடைக்காது. அதனால்தான் ஏறாமல் இந்த மடலை எழுதுகிறேன்.

உங்கள் பக்க நியாயமும் தெரியும். விளம்பரப் பணம் உங்களுக்கே மாதக்கணக்கில் இழுத்தடித்துத்தான் வருகிறது. யாருக்கு முதலில் கொடுப்பது என்று பட்டியல் போடுவதும் நீங்களாக இருக்க மாட்டீர்கள். ஆனால் அந்தப் பட்டியலில் பேப்பர்காரரும் அச்சகமும் மேலே இருக்கிறார்கள். அவர்களுக்குப் பணம் போகாவிட்டால் அடுத்த இதழ் வராது. எங்களுக்குப் போகாவிட்டால் வந்துவிடும். வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை.

தாமதம் உங்களுக்கு இலவசம் என்றும் நினைக்க வேண்டாம். பத்து நாளில் பணம் போடும் நிறுவனத்துக்கு நான் சொல்லும் ரேட் வேறு, நாலு மாதம் இழுக்கும் நிறுவனத்துக்குச் சொல்லும் ரேட் வேறு. அனுபவமுள்ள ஃப்ரீலான்ஸர்கள் பலரும் இப்படித்தான், வெளியே சொல்வதில்லை. பெரிய பெயருள்ள, மெதுவாகக் கொடுக்கும் ஓர் இடத்தைவிட, சொன்ன தேதியில் கொடுக்கும் சின்ன இடத்துக்குத்தான் நல்ல வேலையை முதலில் செய்துகொடுப்போம். ஒரே வாரத்தில் இரண்டு கெடு வந்தால் எது தள்ளிப்போகும் என்று நீங்களே ஊகித்துக்கொள்ளலாம். "நம்ம ரைட்டர்ஸ் ஏன் லேட் பண்றாங்க?" என்று மீட்டிங்கில் கேட்கும்போது, தயவுசெய்து உங்கள் லெட்ஜரையும் ஒருமுறை திறந்து பாருங்கள்.

அப்புறம், டிடிஎஸ், அதாவது பணம் கொடுக்கும்போதே நீங்கள் பிடித்துக்கொள்ளும் வருமான வரி. தொழில்முறைக் கட்டணத்தில் 10 விழுக்காடு பிடிப்பது முறைதான், புகார் இல்லை. ஆனால் பிடித்தது எங்கள் பான் எண்ணில் ஏறவில்லை என்றால் அந்தப் பணம் எங்களுக்கு இல்லாத பணம். எனக்கு ஒரு நிறுவனத்தில் பான் எண்ணில் ஒரு எழுத்து மாறிப்போனது. மூன்று எழுத்துப் பிழைகளுக்காக என் கட்டுரையைத் திருப்பி அனுப்பிய அதே நிறுவனம். காலாண்டு அறிக்கையைத் திருத்தித் தாக்கல் செய்யச் சொல்லி நான் அனுப்பிய மெயில்களை அடுக்கினால் ஒரு குறுநாவல் தேறும். 2025 ஏப்ரல் முதல், ஒருவருக்கு ஆண்டுக்கு ₹50,000 வரை கொடுக்கும் தொழில்முறைக் கட்டணத்தில் டிடிஎஸ் பிடிக்கத் தேவையில்லை. ஆனாலும் ஆண்டுக்கு ஒரே ஒரு கட்டுரை எழுதும் புதியவரின் ₹3,000இல் ₹300 குறைகிறது. அந்தப் பிள்ளை ரிட்டர்ன் தாக்கல் செய்து ரீஃபண்ட் வாங்கவா போகிறது?

பணம் வாங்குபவராக எங்களைப் பதிந்துகொள்ள நீங்கள் தரும் வெண்டர் படிவத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஆண்டு வரவு ₹20 லட்சத்தைத் தாண்டாத சேவையாளருக்குப் பொதுவாக ஜிஎஸ்டி பதிவு தேவையில்லை. உங்கள் படிவமோ ஜிஎஸ்டி எண் இல்லாமல் அடுத்த பக்கத்துக்கே போகாது. ஓரிடத்தில் "கம்பெனி சீல் வைத்து அனுப்புங்கள்" என்றார்கள். தனி ஆளுக்கு ஏது சீல்? தெருமுனைக் கடையில் என் பெயரில் ஒரு ரப்பர் ஸ்டாம்ப் செய்து குத்தி அனுப்பினேன். உடனே பாஸ் ஆனது. இப்போது எல்லா இன்வாய்ஸிலும் குத்துகிறேன், பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது.

நான் கேட்பது பெரிய சீர்திருத்தம் எதுவும் இல்லை. கட்டுரையை ஏற்றுக்கொண்ட நாளிலிருந்து நாள் எண்ணுங்கள், பிரசுரமான நாளிலிருந்து வேண்டாம். வெண்டர் படிவத்தில் உத்யம் எண்ணுக்கு ஒரு கட்டம் வையுங்கள். ஜிஎஸ்டி கட்டத்தில் "பொருந்தாது" என்று போட வழி செய்யுங்கள். பணம் போட்டால் எந்த இன்வாய்ஸுக்கு, எவ்வளவு டிடிஎஸ் என்று ஒரு வரி மெயில் அனுப்புங்கள். வங்கி மெசேஜில் வரும் ஒற்றைத் தொகையை வைத்து அது எந்த மூன்று கட்டுரைகளுக்கானது என்ற புதிரை விடுவிக்க முடியவில்லை. இந்த மாதம் கொடுக்க முடியாது என்றால் அதையும் சொல்லிவிடுங்கள். "முடியாது, அடுத்த மாதம் 20ஆம் தேதி" என்ற பதிலை வைத்து வாடகை கேட்கும் வீட்டு உரிமையாளரிடம் பேச முடியும். "ப்ராசஸில் இருக்கிறது" என்பதை வைத்துப் பேச முடியாது.

என் உத்யம் சான்றிதழை இனி ஒவ்வொரு இன்வாய்ஸோடும் இணைத்து அனுப்புகிறேன். மிரட்டல் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம், மார்ச்சில் நீங்கள் போன் செய்யும் வேலை மிச்சம்.

இப்படிக்கு,
ஒரு ஃப்ரீலான்ஸ் எழுத்தாளர்,
சென்னை