தாமிரபரணிக் கரைக்கு மரம் தேடும் காலம் மாசி

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். திருநெல்வேலி மாநகருக்குள் தாமிரபரணிக் கரையில் நடைபாதை, பூங்கா, படித்துறைச் சீரமைப்பு என்று பேச்சு எழும்போதெல்லாம் நம் மண்ணின் மரங்களையே நட வேண்டும் என்ற கோரிக்கையும் கூடவே எழுகிறது. அதை யாரும் மறுப்பதில்லை. அதிகாரிகள் ஒப்புக்கொள்கிறார்கள், திட்ட அறிக்கையிலும் நாட்டு மரங்கள் என்று ஒரு வரி ஏறிவிடுகிறது. ஆனால் கடைசியில் கரையில் வந்து இறங்குவது பாட்டில் பாம், துரந்தா, கோனோகார்பஸ், கொரியன் புல் போன்ற வெளிநாட்டு அழகுச் செடிகள். இது ஏன் திரும்பத் திரும்ப நடக்கிறது என்பதை, முன்னீர்பள்ளம் பக்கம் நீண்ட காலமாக நாற்றங்கால் நடத்துகிறவன் என்ற முறையில் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் ஓர் ஒப்பந்ததாரரின் ஆள் என்னிடம் வந்தார். ஆற்றோரத்தில் ஒரு பகுதிக்குச் செடிகள் வேண்டும் என்றார். "அண்ணாச்சி, ஆறடி உயரம் இருக்க வேண்டும். எல்லாம் ஒரே அளவு. இந்த மாதக் கடைசிக்குள் நட்டு, படம் எடுத்து அனுப்பினால்தான் பில் பாஸாகும்." அவர் கையிலிருந்த பட்டியலில் மருது, நாவல், நீர்க்கடம்பு, புங்கு, இலுப்பை என்று அருமையான பெயர்களாக இருந்தன. என்னிடம் மருது இருந்தது. இரண்டடி உயரத்தில், கொஞ்சமாக. புங்கும் நாவலும் அப்படியே. இலுப்பை ஒன்றுகூட இல்லை. அவர் அலைந்து பார்த்தார், வேறு நாற்றங்கால்களிலும் இதே கதைதான். சில நாள்களில் ஆந்திராவின் கடியத்திலிருந்து லாரி வந்துவிட்டது. கேட்ட உயரம், கேட்ட எண்ணிக்கை, பளபளவென்ற இலை. பட்டியலில் இருந்தவை கிடைக்காததால் மாற்றுச் செடிகள் என்று குறித்துக்கொண்டார்கள். கடியத்து நாற்றங்கால்காரர்கள் தென்னிந்தியா முழுவதற்கும் செடி அனுப்புகிறவர்கள், உழைப்பாளிகள். வந்த ஆளும் நல்லவர். பட்டியல் போட்டவருக்கும் ஆற்றின்மேல் அக்கறை இருந்திருக்கிறது. தப்பியது காலம் ஒன்றுதான்.

எந்த மரம் ஆற்றங்கரைக்கு வரப்போகிறது என்பது டெண்டர் திறக்கும் நாளில் முடிவாவதில்லை. அதற்கு ஒன்றரை, இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே, விதை உதிரும் மாதத்தில் முடிவாகிவிடுகிறது. மருதங்காய் மாசியிலிருந்து சித்திரை வரை பழுத்துக் காய்ந்து விழும். ஐந்து இறக்கைகள் எழும்பி நிற்கிற, மரக்கட்டைபோல் கெட்டியான காய் அது. அதை இரண்டு மூன்று நாள் தண்ணீரில் ஊறவைத்துத்தான் விதைக்க வேண்டும். புங்கங்காய் சித்திரை, வைகாசியில் கிடைக்கும். நாவலும் இலுப்பையும் ஆனி, ஆடியில் பழுக்கும். இந்த இரண்டின் விதைகளும் சேமித்துவைக்க இடம் கொடுக்காதவை. பழத்தைப் பிதுக்கிக் கழுவிய சில நாள்களுக்குள் மண்ணில் போட்டுவிட வேண்டும். உலர்ந்துவிட்டால் முளைப்பு செத்துவிடும். அரசாணை ஐப்பசியில் வந்தால் இலுப்பை விதைக்கு அடுத்த ஆனி வரை காத்திருப்பதைத் தவிர வழியே கிடையாது. நீர்க்கடம்பின் விதை தூசி மாதிரி இருக்கும். அதைத் தட்டில் தூவி, பூவாளித் தண்ணீர்கூட நேராக விழாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். இவ்வளவு பாடுபட்டு வளர்த்த நாற்றுகளை யார் வாங்குவார்கள் என்று தெரியாமல் எந்த நாற்றங்கால்காரர் ஆயிரக்கணக்கில் போடுவார்? வீட்டு வாசலுக்கு மருது கேட்டு யாரும் வருவதில்லை. ஆற்றங்கரைதான் அதற்கு இடம், அரசுதான் அதற்கு வாடிக்கையாளர்.

ஆறடி உயரம் என்ற நிபந்தனையைப் பற்றியும் சொல்ல வேண்டும். சின்னப் பையிலேயே ஆறடி வளர்ந்த செடியின் பையைக் கிழித்துப் பாருங்கள். வேர் கீழே இறங்க வழியில்லாமல் பைக்குள்ளேயே சுற்றிச் சுற்றி வளர்ந்து ஒரு சுருளாக இருக்கும். நட்ட பிறகும் அந்தச் சுருள் எளிதில் விரியாது. பார்வைக்குச் செழிப்பாக நிற்கும் அந்த மரம் வெள்ளத்தில் முதலில் சாய்ந்துவிடும். கரைக்கு வேண்டியது தண்டு தடித்த, நேர் வேர் இறங்கிய மூன்றடிச் செடி. உயரத்தை அளப்பதை விட்டுவிட்டுத் தண்டின் அடிப்பருமனையும் வேரையும் பார்த்து வாங்கினாலே பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் வந்த வெள்ளத்தை நெல்லை, தூத்துக்குடி மக்கள் மறக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை பெய்தது. தண்ணீர் வடிந்த பிறகு நான் ஆற்றோரமாக நடந்து பார்த்தேன். வயதான மருத மரங்களின் கிளைகளில் என் தலைக்கு மேலே துணியும் பிளாஸ்டிக்கும் தொங்கின. அவ்வளவு உயரத்துக்குத் தண்ணீர் ஏறியும் மரங்கள் நின்ற இடத்திலேயே நின்றன. ஒரு மரத்தின் அடியில் கரைமண் கழுவிப் போய், வேர்கள் வெளியே தெரிந்தன. கைப்பருமனுள்ள வேர்கள் ஒன்றன்மேல் ஒன்றாகப் பின்னி, கருங்கல் ஒன்றைக் கவ்விப் பிடித்துக்கொண்டு ஆற்றை நோக்கி இறங்கியிருந்தன. அந்தக் கல்லுக்குப் பின்னால் இருந்த மண் அசையவே இல்லை. அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் வெறும் மண்ணும் புல்தரையுமாக இருந்த பகுதி செங்குத்தாக அறுந்து விழுந்து கிடந்தது.

நாட்டு மரம் என்பதற்காக எதையும் எங்கும் நட்டுவிடலாம் என்று நான் சொல்லவில்லை. ஆலும் அரசும் உன்னதமான மரங்கள், ஆனால் படித்துறைக் கல்லுக்கும் மண்டபச் சுவருக்கும் பக்கத்தில் வைத்தால் கல்லைப் பெயர்த்துவிடும். நாவலை நடைபாதைக்கு மேலே வைத்தால் ஆனி, ஆடியில் பாதை வழுக்கும், நடக்கிறவர்கள் மாநகராட்சியைத் திட்டுவார்கள், அடுத்த ஆண்டு மரத்தை வெட்டிவிடுவார்கள். கரையை உயரத்தை வைத்துத்தான் பார்க்க வேண்டும். தண்ணீர் தொடும் விளிம்பில் கோரையும் நாணலும் சம்பும் இருக்கட்டும். செடி வைத்தால் வெள்ளம் தடைபடும் என்று பொறியாளர்கள் கவலைப்படுகிறார்கள்; அது நியாயமான கவலை. நாணலும் கோரையும் வெள்ளம் வந்தால் படுத்துக்கொண்டு தண்ணீரை மேலே விட்டுவிடும், வடிந்ததும் எழுந்துவிடும். அடியில் வேர் மண்ணை விடாது. அதற்கு மேலே சரிவில் வெட்டிவேரும் நொச்சியும். நொச்சிக்கு நாற்றுகூட வேண்டியதில்லை, ஈரமண்ணில் போத்தை, அதாவது வெட்டிய கிளைத்துண்டை, செருகினால் வேர்விடும். ஆடு அதை விரும்பி மேயாது. சரிவின் மேல்பாதியில்தான் மருதும் நீர்க்கடம்பும் புங்கும். நாவலையும் இலுப்பையையும் பாதையிலிருந்து தள்ளி, உச்சியில், பறவைகளுக்கும் வவ்வால்களுக்கும் என்று ஒதுக்கிவிடலாம். நடைபாதையை ஒட்டி நிழலுக்கு வேம்பு, மகிழம், பூவரசு போதும்.

நடும் காலமும் ஒன்றல்ல. உச்சியில் வைக்கும் மரங்களைப் புரட்டாசியில் வைத்தால் வடகிழக்கு மழையில் பிடித்துக்கொள்ளும். சரிவில் வைப்பவற்றை அப்போது வைத்தால் கார்த்திகை, மார்கழி வெள்ளம் அள்ளிக்கொண்டு போய்விடும். அவற்றைத் தை பிறந்து தண்ணீர் இறங்கிய பிறகு ஈரத்தோடு வைக்க வேண்டும். ஒரே நாளில், ஒரே விழாவில், எல்லாச் செடிகளையும் நட்டு முடிக்கும் வழக்கம் ஆற்றங்கரைக்கு ஒத்துவராது.

கோரையைப் புதர் என்று எண்ணி ஜேசிபி வைத்து வழித்தெடுப்பதைப் பார்க்கும்போதுதான் எனக்கு மனம் தாங்குவதில்லை. பத்தமடைப் பாய் எதில் நெய்யப்படுகிறது? இந்த ஆற்றங்கரைக் கோரையில்தான். அறுத்து, கிழித்து, உலர்த்தி, ஊறவைத்து, மறுபடி உலர்த்தி, சாயம் ஏற்றி, பட்டுப்போல் மடிக்கக்கூடிய பாயாக நெய்கிறார்கள் அந்த ஊர்ப் பெண்கள். மாநகரக் கரையில் ஒரு பகுதியைக் கோரைக்கென்றே விட்டுவைத்தால், கரையும் நிற்கும், நாலு நெசவாளர் வீட்டுக்குச் சரக்கும் கிடைக்கும். கொரியன் புல்லுக்கு ஒவ்வொரு நாளும் தண்ணீர் பாய்ச்ச ஆள் போட்டுக் கூலி கொடுக்கிறோம்.

அழகுக்கு வைத்த செடி ஆற்றை என்ன செய்யும் என்பதற்கு நம் கண்முன்னே சாட்சி இருக்கிறது. ஆகாயத்தாமரை அதன் ஊதாப் பூவுக்காகத் தென்னமெரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்டது. உண்ணிச்செடி தோட்டத்து அலங்காரமாக வந்தது. நெய்வேலிக் காட்டாமணக்கை வேலிக்கும் பூவுக்கும் என்று வைத்தார்கள். ஒடித்துப் போட்ட தண்டெல்லாம் வேர்பிடித்து இன்று வாய்க்கால்களை அடைத்துக்கொண்டிருக்கிறது. அப்போது யாரும் கெட்ட எண்ணத்தில் கொண்டுவரவில்லை. கோனோகார்பஸை 2023-இல் குஜராத் அரசு தடை செய்தது. அதன் மகரந்தம், குழாய்களை உடைக்கும் வேர் இவற்றைப் பற்றி இங்கும் நிறையப் பேசியாயிற்று. பின்னும் ஏன் அது கரையில் பச்சைச் சுவராக நிற்க வேண்டும்?

நாட்டுச் செடிகளில் பூ இல்லை, பார்க்க அழகாக இருக்காது என்பவர்கள் செங்கடம்பைப் பார்க்க வேண்டும். கிளைக்குக் கிளை சிவப்புச் சரங்கள் தொங்கும். இரவில் மலர்ந்து விடிவதற்குள் உதிர்ந்து, அடியில் தரையும் தண்ணீரும் சிவந்து கிடக்கும். தண்ணீரோரம் என்றால் அதற்குக் கொண்டாட்டம். சித்திரையில் சரக்கொன்றை இருக்கிறது. புன்னைப்பூவின் மணம் இருக்கிறது. நெல்லையப்பர் கோயிலின் தலமரமே மூங்கில்தான். இந்த ஊர் ஆற்றங்கரையில் மஞ்சள் மூங்கிலைக் காசு கொடுத்து வாங்கி வைத்துவிட்டு, நம் முள்மூங்கிலுக்கு ஒரு மூலைகூடக் கொடுக்காமல் இருக்கிறோம்.

மேற்கே போனால் இதற்கான பாடம் தயாராக இருக்கிறது. தாமிரபரணிக் கரையில் உள்ள திருப்புடைமருதூரில் மருதும் இலுப்பையும் சூழ்ந்த கோயில் பகுதி 2005-இல் பறவைகள் காப்புப் பகுதியாக அறிவிக்கப்பட்டது. அங்கே நாரைகளும் கொக்குகளும் கூடு கட்டுகின்றன, ஊர்மக்கள் அவற்றைத் தங்கள் பிள்ளைகளைப் போலப் பார்த்துக்கொள்கிறார்கள். பறவைகள் அங்கே கூடுகிற காரணம் அந்தப் பழைய மரங்களும் பக்கத்தில் இருக்கிற தண்ணீரும்தான். குறுக்குத்துறையிலும் சிந்துபூந்துறையிலும் இன்னும் பெரிய மருத மரங்கள் நிற்கின்றன. நடைபாதை போடுகிறவர்கள் முதலில் செய்ய வேண்டியது அந்த மரங்களைச் சுற்றிச் சிமெண்ட் பூசாமல் விடுவது. புதிதாக நடுவது அதற்கு அடுத்ததுதான். ஊர்ச் சாக்கடை ஆற்றில் கலப்பதை நிறுத்தாமல் எந்தச் செடி வைத்தும் பயனில்லை என்பதைத் தங்கள் வாசகர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

ஆகவே மாநகராட்சி, நீர்வளத்துறை, வனத்துறை மூன்றுக்கும் என் வேண்டுகோள் இது. கட்டுமானத்துக்கு டெண்டர் விடுவதற்கு முன்பே செடிகளுக்குத் தனியாக ஓர் ஒப்பந்தம் போடுங்கள். உள்ளூர் நாற்றங்கால்களுக்கும் மகளிர் சுயஉதவிக் குழுக்களுக்கும் எந்த இனம், எத்தனை என்று இரண்டு ஆண்டுகளுக்கு முன்னதாக எழுதிக் கொடுத்து முன்பணம் கொடுங்கள். விதை இந்த ஆற்றின் தாய்மரங்களிலிருந்தே எடுக்கப்படட்டும்; இந்த வெள்ளத்தையும் இந்தக் கோடையையும் தாங்கிய மரத்தின் பிள்ளை அது. நட்டவுடன் முழுப்பணத்தையும் கொடுத்துவிடாதீர்கள். இரண்டு கோடை தாண்டி உயிரோடு நிற்கும் மரங்களை எண்ணிப் பார்த்து மீதியைக் கொடுங்கள். பட்டியலில் இல்லாத செடி லாரியில் வந்தால், மாற்றுச் செடி என்று ஏற்காமல் திருப்பி அனுப்புங்கள். ஓராண்டு அந்த இடம் வெறுமையாக இருந்தாலும் பரவாயில்லை, அதற்குள் கோரை தானாக வந்துவிடும்.

மாசி பிறந்துவிட்டது. மருதங்காய்கள் உதிரத் தொடங்கிவிட்டன. என் நாற்றங்காலில் இந்த ஆண்டு மருதுக்கென்று கூடுதலாக நான்கு பாத்திகள் ஒதுக்கியிருக்கிறேன், வாங்க ஆள் இருக்கிறதோ இல்லையோ. ஆனால் ஒரு நாற்றங்காலால் ஓர் ஆற்றங்கரைக்கு நாற்றுக் கொடுக்க முடியாது. சித்திரைக்குள் மற்றவர்களுக்கும் ஆணை வந்துவிட்டால், அடுத்த ஆண்டுப் புரட்டாசியில் கரைக்கு நல்ல செடிகள் தயாராக இருக்கும்.

இப்படிக்கு,
நாற்றங்கால் உரிமையாளர்,
முன்னீர்பள்ளம், திருநெல்வேலி மாவட்டம்.