அறிவியல் செய்தி ஆசிரியர்களே, நிறமாலை எடுத்தாச்சா என்று ஒரு வரி போடுங்கள்

அறிவியல் பக்கங்களைக் கவனிக்கும் ஆசிரியர்களுக்கு வணக்கம்.

"பிரபஞ்சத்தின் முதல் கேலக்ஸி சிக்கியது, பெருவெடிப்புக் கொள்கை ஆட்டம் கண்டது" என்று மறுபடியும் ஒரு தலைப்பு. கடைசிப் பத்திவரை பொறுமையாகப் படித்தால், இன்னும் நிறமாலையே (ஒளியை நிறம் நிறமாகப் பிரித்துப் பார்ப்பது) எடுக்கவில்லை என்று போகிற போக்கில் ஒரு வாக்கியம். தலைப்பு வைத்தவர் அதுவரை படிக்கவில்லை போலிருக்கிறது.

படத்தில் தெரியும் நிறத்தை வைத்துத் தூரத்தைக் கணிப்பது வேறு, நிறமாலையில் அளப்பது வேறு. இது உங்களுக்குத் தெரியாததல்ல. சியர்ஸ்-93316 என்ற கேலக்ஸி நினைவிருக்கும். 2022 ஜூலையில் வெப் விண்வெளித் தொலைநோக்கியின் படங்கள் வந்த சூட்டில், அதன் செம்பெயர்ச்சி (தொலைவு கூடக் கூட ஒளி சிவப்புப் பக்கம் நகரும் அளவு) 16-க்கு மேல் என்று கணித்தார்கள். அதாவது பெருவெடிப்புக்குப் பிறகு 25 கோடி ஆண்டுகூட ஆகாத காலம். கணித்தவர்கள் 'இருக்கலாம்' என்றுதான் எழுதினார்கள், உங்கள் தலைப்பில் அந்த 'லாம்' காணாமல் போனது. மறு வருடம் நிறமாலை எடுத்துப் பார்த்தால் செம்பெயர்ச்சி வெறும் 4.9, பெருவெடிப்புக்குக் கிட்டத்தட்ட 120 கோடி ஆண்டு பிந்திய சரக்கு. தூசி அதைச் சிவப்பாகக் காட்டியிருக்கிறது, அதோடு சூடான வாயுவில் இருந்து வரும் ஹைட்ரஜன், ஆக்சிஜன் கோடுகள் சரியாக வெப் கேமராவின் ஃபில்டர்களில் விழுந்து, ரொம்பத் தொலைவில் இருப்பதுபோல் ஏமாற்றிவிட்டன. அதே ஆய்வில் மெய்சி என்ற இன்னொரு கேலக்ஸியின் செம்பெயர்ச்சி 11.4 என்று உறுதியும் ஆனது. ஒன்று நின்றது, ஒன்று விழுந்தது. விழுந்ததை யார் முதல் பக்கத்தில் போட்டீர்கள்?

நான் மாணவர்களுக்கு வானியல் சொல்லித் தருகிறவன். அவர்களில் சிலர் இன்றைக்கும் அந்தப் பழைய 16-ஐத்தான் சொல்கிறார்கள். "அப்போ பிக் பேங் பொய்யா சார்?" என்று கேட்கும் பிள்ளையிடம் ஃபில்டர், தூசி, வாயு எல்லாம் விளக்கி முடிப்பதற்குள் வகுப்பு முடிந்துவிடும். தலைப்பு படிக்க மூன்று விநாடி போதும், அதைச் சரிசெய்ய ஒரு வகுப்பு வேண்டும்.

அப்புறம் அந்தப் படங்கள்! நிஜத்தில் அது சில பிக்சல் அளவுள்ள சிவப்புப் பொட்டு. நீங்கள் போடுவதோ சுருள் கைகளோடு ஜொலிக்கும் ஓவியம், கீழே 'வெப் எடுத்த படம்' என்று கூசாமல் ஒரு குறிப்பு வேறு. அடுத்த முறை பின்னணி இசையும் சேர்த்துவிடுங்கள், குறை ஏன்?

சரி, கோபத்தை விடுகிறேன். வெப்பில் நேரம் கிடைப்பது லேசில்லை. நேரம் ஒதுக்கும் நான்காம் சுற்றில் இருந்த நேரத்தைப் போல ஒன்பது மடங்கு கேட்டு விண்ணப்பங்கள் குவிந்தன. ஆய்வாளர்கள் அப்படிக் காத்திருந்துதான் உறுதி செய்கிறார்கள், செய்தபின்னும் திருத்துகிறார்கள். ஜேட்ஸ்-ஜிஎஸ்-இசட்14-0 என்ற கேலக்ஸியின் செம்பெயர்ச்சி முதலில் 14.32 என்று வந்தது, பிறகு சிலியில் உள்ள ஆல்மா ரேடியோ தொலைநோக்கியில் ஆக்சிஜன் கோடு சிக்கியதும் 14.18 ஆனது. மாம்-இசட்14 என்ற கேலக்ஸி நிறமாலையிலேயே 14.44, பெருவெடிப்புக்கு வெறும் 28 கோடி ஆண்டு பிந்தியது. இத்தனை சீக்கிரத்தில் இத்தனை பிரகாசமான கேலக்ஸிகள் எப்படி உருவாயின என்பதே பெரிய புதிர். அதை எழுதவே இடம் போதாது, பெருவெடிப்பை எதற்கு இடிக்கிறீர்கள்?

தயவுசெய்து தலைப்புக்குக் கீழேயே 'கணிப்பு' அல்லது 'நிறமாலையில் உறுதி' என்று ஒரு வரி சேருங்கள். கணிப்பு பொய்த்தால், முதல் செய்தி வந்த அதே இடத்தில் அதே அளவு எழுத்தில் திருத்தம் போடுங்கள். இதைத்தான் பணிவோடு கேட்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் அறிவியல் பக்கத்தை இன்னும் விடாமல் படிக்கும் ஒருவன்