நோட்டில் ஒரு கோடு கூடுதலாகப் போட்டவருக்கும் மற்ற எல்லோருக்கும்

துரித உணவும் பார்சல் சாப்பாடும் பற்றிய எங்கள் ஆவணப்படத்துக்குக் கைகொடுத்த அனைவருக்கும் வணக்கம்.

படப்பிடிப்பு முடிந்தது, படத்தொகுப்பு நடக்கிறது. கடைசியில் பெயர்கள் ஓடும்போது உங்களில் பலருடைய பெயர் இருக்காது. வேண்டாம் என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள். அதனால்தான் இந்த மடல்.

முதல் நன்றி உணவியல் நிபுணர் மேடத்துக்கு. "வாரத்தில் எத்தனை முறை துரித உணவு சாப்பிடுகிறீர்கள்?" என்றுதான் எங்கள் கேள்வித்தாள் தொடங்கியது. "எது துரித உணவு என்பதில் ஆளுக்கொரு கணக்கு இருக்கும்மா. நேற்று எழுந்ததிலிருந்து தூங்கும்வரை வாய்க்குள் போனதையெல்லாம் சொல்லச் சொல். அப்புறம் பொறுமையாக இன்னொரு தடவை கேள்" என்றீர்கள். அப்படியே கேட்டோம். முதல் சுற்றில் மறந்துபோன குளிர்பானமும் நொறுக்குத்தீனியும் இரண்டாம் சுற்றில்தான் வெளியே வந்தன.

பெரிய தவறு ஒன்றையும் நீங்கள்தான் தடுத்தீர்கள். அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனங்களில் கெவின் ஹால் குழுவினர் 20 பேரைத் தங்கவைத்து நடத்திய ஆய்வு 2019-ல் வெளியானது. இரண்டு வாரம் மிகையாகப் பதப்படுத்திய உணவு (ஆலையில் பல சேர்மானங்கள் கலந்து தயாராவது), இரண்டு வாரம் அதிகம் பதப்படுத்தாத உணவு, வேண்டிய அளவு சாப்பிடலாம். மிகையாகப் பதப்படுத்திய உணவு கொடுத்தபோது நாளுக்குச் சராசரியாகச் சுமார் 500 கலோரி கூடுதலாக உள்ளே போனது. பார்சல் சாப்பாடு முழுவதற்கும் இதுவே சாட்சி என்று நாங்கள் வர்ணனை எழுதி வைத்திருந்தோம். கடையில் அப்போதே காய் நறுக்கிச் சமைத்துக் கட்டித் தருவதும் பார்சல்தான், அதை ஏன் இந்தக் கணக்கில் சேர்க்கிறாய் என்று கேட்டீர்கள். அந்தப் பகுதி முழுவதையும் மாற்றி எழுதினோம். நாளுக்கு 5 கிராமுக்குக் குறைவான உப்பு என்ற உலக சுகாதார நிறுவனத்தின் அளவைக் காட்ட, ஒரு தேக்கரண்டி உப்பைத் தலைதட்டி வெள்ளைத் தட்டில் வைத்தீர்களே, அந்தக் காட்சிக்கு நாங்கள் வர்ணனையே வைக்கவில்லை.

சமையலறைக்குள் எங்களை விட்ட மாஸ்டர் அண்ணனுக்கும் நன்றி. புகை இழுக்கும் விசிறியின் சத்தத்தில் பேச்சு பதிவாகவில்லை என்றதும், அந்த அனலில் அதை நிறுத்திவிட்டு நின்று பேசினீர்கள். மூடிய பெட்டிக்குள் ஆவி தங்கினால் மொறுமொறுப்பு போய்விடும், அதனால்தான் பெட்டியில் துளை என்று நீங்கள் காட்டியபிறகு எந்தப் பெட்டியைப் பார்த்தாலும் துளையைத்தான் தேடுகிறேன்.

ஒரு வாரம் சாப்பாட்டு நோட்டு எழுதித் தந்த 11 பேருக்கும் நாங்கள் நிறையக் கடன்பட்டிருக்கிறோம். அதிலும் செவிலியர் அக்காவுக்கு. என்ன சாப்பிட்டீர்கள், எங்கே வாங்கியது, யாரோடு என்று மூன்று கட்டங்கள்தான் நாங்கள் போட்டுத் தந்தோம். நீங்களாக ஓரத்தில் கோடு போட்டு, நான்காவதாக "வேலை முடிந்த நேரம்" என்று எழுதினீர்கள். ஏழு மணிக்கு வீடு திரும்பிய நாட்களில் உங்கள் வீட்டு அடுப்பு எரிந்திருக்கிறது. பத்தைத் தாண்டிய நாட்களில் எல்லாம் பார்சல். படத்தின் முதல் வரியில் "சோம்பேறித்தனம்" என்ற சொல்லை வைத்திருந்தோம் அக்கா. உங்கள் நோட்டைப் படித்த அன்றே எடுத்துவிட்டோம்.

உடனே மற்ற பத்துப் பேருக்கும் போன் செய்து நேரத்தைக் கேட்டோம். யாரும் சலித்துக்கொள்ளவில்லை. எல்லோர் கதையும் ஒன்றாகவும் இல்லை. அறை எடுத்துத் தங்கியிருக்கும் தம்பிக்கு நேரம் நிறைய இருக்கிறது, அடுப்பு வைக்கத்தான் அனுமதி இல்லை. ஒரு பெரியவர், தனக்கு மட்டும் சமைக்க மனம் வரவில்லை என்று ஒரே வரியில் முடித்துக்கொண்டார். அதற்குமேல் நாங்களும் கேட்கவில்லை.

உணவு கொண்டுபோய்க் கொடுக்கும் அண்ணன் ஒருவர், இரவில் கதவைத் திறக்கிறவர்களில் பலருடைய கழுத்தில் அலுவலக அடையாள அட்டை இன்னும் தொங்கிக்கொண்டிருக்கும் என்றார். நாங்கள் மாதக்கணக்கில் தேடியதை அவர் வண்டியில் சாய்ந்தபடி சொல்லிவிட்டுப் போனார். படம் இப்போது அவர் குரலில்தான் தொடங்குகிறது.

மைக் கொடுத்த ஆசிரியருக்கும், மூடும் நேரம் தாண்டியும் காத்திருந்த நூலகருக்கும் நன்றி. பேட்டி கொடுத்தபின் முகம் வேண்டாம் என்று சொன்ன தோழிக்குத் தனியாக ஒன்று: தயங்காமல் சொன்னதற்கு நன்றி. உங்கள் கைகள் மட்டுமே படத்தில் இருக்கின்றன.

முதல் திரையிடல் உங்களுக்குத்தான். பார்த்துவிட்டு எதையாவது நீக்கவேண்டும் என்று தோன்றினால் அங்கேயே சொல்லுங்கள், நீக்கிவிட்டுத்தான் அடுத்த இடத்துக்குக் கொண்டுபோவோம். நோட்டுகளையும் அன்றே திருப்பித் தந்துவிடுகிறோம்.

அன்புடன்,
ஆய்வுப் பணியைக் கவனித்த மாணவி, படக்குழுவின் சார்பில்